உங்களுக்குத் தெரியுமா? ‘ஒண்ணும் ஆகாதுப்பா!’

வெடிமருந்து, நச்சுவாயு, கதிர்வீச்சு, அந்தரத்தில் தொங்கும் இரும்புச் சட்டம். இவற்றோடு தினமும் பழகுகிறவர்களுக்கு நம்மைவிட எச்சரிக்கை அதிகம் என்றுதான் நினைப்போம். ஆனால் பழகப் பழகப் பயம் விட்டுப்போகிறது. கூடவே அவசரமும் லாபக் கணக்கும் சேர்ந்துகொண்டால் என்ன நடக்கும்? உலகெங்கும் நடந்த சில சம்பவங்கள் இங்கே. படித்துக்கொண்டே வரும்போது, முட்டாள்தனம் செய்தது யார், விலை கொடுத்தது யார் என்பதை மட்டும் கவனியுங்கள்.

★ உரத்துக்கு வெடி

ஜெர்மனியின் ஓப்பாவ் உரத் தொழிற்சாலையில், அம்மோனியம் நைட்ரேட் கலந்த உரம் கிடங்கிலேயே பாறையாக இறுகிவிடும். கடப்பாரைக்கு அசையாது. டைனமைட்டைச் செருகி வெடித்து உதிர்த்தார்கள். ஏறத்தாழ 20,000 முறை இப்படிச் செய்தும் ஒன்றும் ஆகவில்லை. 1921 செப்டம்பர் 21 காலையில் ஆகிவிட்டது. கிடங்கிலிருந்த 4,500 டன்னில் சுமார் பத்தில் ஒரு பங்கு வெடித்ததற்கே 500க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கிடங்கு நின்ற இடத்தில் 19 மீட்டர் ஆழத்துக்குப் பள்ளம். இதில் கொடுமை என்னவென்றால், இரண்டு மாதம் முன்புதான் சைலீசியாவின் க்ரீவால்டில், ரயில் பெட்டிகளில் இறுகிய உரத்தை இதே முறையில் உடைக்கப் போய் 19 பேர் இறந்திருந்தார்கள்.

★ மணல் போட மறந்தால்

பாறையில் துளையிட்டு, வெடிமருந்தும் திரியும் வைத்து, மேலே மணலைக் கொட்டிவிட்டுத்தான் இரும்புக் கம்பியால் இடிக்க வேண்டும். மணல் இல்லாவிட்டால் கம்பி பாறையில் உரசித் தீப்பொறி பறக்கும். 1848இல் அமெரிக்காவின் வெர்மாண்ட் மாநிலத்தில், ரயில் பாதை வேலையில் இருந்த மேஸ்திரி ஃபினியஸ் கேஜ் ஒரு கணம் கவனம் சிதறி, மணல் போடாமலே இடித்தார். 6 கிலோ எடையுள்ள கம்பி இடது கன்னத்தில் புகுந்து உச்சந்தலை வழியாக வெளியேறியது. மனிதர் பிழைத்துக்கொண்டார்! பிறகு சிலி நாட்டில் குதிரை வண்டி ஓட்டினார். கிட்டத்தட்ட 12 ஆண்டுகள் உயிரோடு இருந்தார். அவருடைய மண்டையோடும் அந்தக் கம்பியும் இன்று ஹார்வர்டு பல்கலைக்கழக அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

★ ஒற்றைக்கால் முக்காலி

ஸ்காட்லாந்தின் ஆர்டீரில் ஆல்ஃபிரட் நோபல் 1871இல் தொடங்கிய ஆலையில், நைட்ரோகிளிசரின் தயாராகும்போது வெப்பமானியையே பார்த்துக்கொண்டிருக்க ஓர் ஆள் உண்டு. சூடு எல்லை தாண்டினால் ஆலையே இருக்காது. ஆனால் இப்படிச் சும்மா உட்கார்ந்து பார்க்கிற வேலையில்தான் தூக்கம் சொக்கும். ‘தூங்காதே’ என்று போர்டு மாட்டவில்லை. உட்கார ஒற்றைக்கால் ஆசனம் கொடுத்தார்கள். கண் அயர்ந்தால் ஆள் கீழே விழுவார், ஆலை தப்பிக்கும்.

★ கை கழுவாத கண்டுபிடிப்புகள்

சர்க்கரைக்குப் பதிலாகப் பயன்படும் செயற்கை இனிப்புகளில் மூன்று, ஆய்வக ஒழுங்கீனத்தால் பிறந்தவை. 1879இல் கான்ஸ்டன்டின் ஃபால்பர்க் கை கழுவாமல் சாப்பிட உட்கார்ந்தார், ரொட்டி இனித்தது. உடனே ஆய்வகத்துக்கு ஓடி, மேசையில் இருந்த பாத்திரங்களை எல்லாம் நக்கிப் பார்த்தார். கிடைத்தது சாக்கரின். 1937இல் மைக்கேல் ஸ்வேடா ஆய்வக மேசையில் வைத்த சிகரெட்டை எடுத்து உதட்டில் பொருத்தினார், சைக்ளமேட். 1965இல் ஜேம்ஸ் ஷ்லாட்டர் காகிதம் எடுக்க விரலை நாக்கில் தொட்டார், அஸ்பார்டேம். மூவருக்கும் அதிர்ஷ்டம். ஆராயும் ரசாயனங்களைச் சுவைத்துப் பார்க்கும் வழக்கமுள்ள வேதியியல் மேதை ஷீலே, 43 வயதில் போய்ச் சேர்ந்தார்.

★ உதட்டில் ரேடியம்

முதல் உலகப் போர்க் காலம். இருட்டில் ஒளிரும் கடிகார முகப்புகளுக்கு அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் இளம்பெண்கள் ரேடியம் கலந்த சாயம் பூசினார்கள். தூரிகை முனை கூராக இருக்க, ஒவ்வொரு முறையும் அதை உதட்டில் வைத்துக் கூராக்கச் சொல்லிக்கொடுத்தது நிறுவனமே. ஆபத்தில்லை என்று நம்பிய பெண்கள், விளையாட்டாக நகத்துக்கும் பல்லுக்கும்கூடப் பூசிக்கொண்டார்கள். அதே நிறுவனத்தின் வேதியியலாளர்களோ ஈயத் திரைக்குப் பின்னால் நின்று இடுக்கியால் ரேடியத்தைக் கையாண்டார்கள்! பெண்களின் தாடை எலும்புகள் சிதைந்தன. ஐந்து பேர் தொடுத்த வழக்கு 1928இல் சமரசத்தில் முடிந்தது. வேலையில் வந்த நோய்க்கு முதலாளி பொறுப்பு என்ற சட்டங்களுக்கு அது உரமிட்டது.

★ ஸ்க்ரூ டிரைவரை நம்பிய விஞ்ஞானி

1946 மே 21, லாஸ் அலமாஸ் அணு ஆய்வகம். ஒரு புளூட்டோனியக் கோளம். அதை மூடும் பெரிலியக் கிண்ணம். கிண்ணம் முழுக்க மூடிவிட்டால் தொடர்வினை கட்டுமீறும். இடையில் தடுப்புத் துண்டுகள் வைக்க வேண்டும் என்பது முறை. லூயி ஸ்லோட்டினோ ஸ்க்ரூ டிரைவர் நுனியைச் செருகி, அதைத் திருப்பித் திருப்பி இடைவெளியைக் குறைத்துக் காட்டிக்கொண்டிருந்தார். பல முறை செய்து கைவந்த வித்தை. அன்று நுனி வழுக்கியது. நீல ஒளி பளிச்சிட்டது. கையாலேயே கிண்ணத்தைத் தட்டிவிட்டு, அறையில் இருந்த மற்றவர்களைக் காப்பாற்றினார். ஒன்பதாம் நாள் இறந்தார். ஒன்பது மாதம் முன்பு ஹாரி டாக்லியன் என்ற இளம் விஞ்ஞானியின் உயிரைக் குடித்ததும் இதே கோளம்தான். அவர் இரவில் தனியாக வேலை செய்துகொண்டிருந்தார். இரண்டாவது சாவுக்குப் பிறகுதான் இந்தச் சோதனைகளைத் தொலைவிலிருந்து இயக்கும் கருவிகளிடம் ஒப்படைத்தார்கள்.

★ வாளியில் யுரேனியம்

ஸ்லோட்டின் இறந்து 53 ஆண்டுகள் கழித்து, ஜப்பானின் டோக்கைமுராவில் எரிபொருள் ஆலை ஒன்று. யுரேனியக் கரைசலை அளவாக அனுப்பும் குழாய் அமைப்பு இருந்தது. ஆனால் அதில் வேலை மெதுவாக நடக்கும். 1999 செப்டம்பர் 30 அன்று தொழிலாளர்கள் எவர்சில்வர் வாளியில் மொண்டு, கைப்படத் தொட்டியில் ஊற்றினார்கள். எல்லை 2.4 கிலோ யுரேனியம். உள்ளே போனது சுமார் 16 கிலோ. இருவர் பின்னர் இறந்தார்கள். சுற்றுவட்டாரத்தில் மூன்று லட்சம் பேர் வீட்டை விட்டு வெளியே வர வேண்டாம் என்று அறிவிக்கப்பட்டது. வாளி யோசனை யாருடையது? வாளியைப் பயன்படுத்தச் சொல்லும் கையேட்டையே நிறுவனம் ரகசியமாகத் தயாரித்து வைத்திருந்தது.

★ பாதுகாப்பு விளக்கு செய்த வேலை

நிலக்கரிச் சுரங்கத்தில் மீத்தேன் தீப்பிடிக்காமல் இருக்க, 1815இல் ஹம்ஃப்ரி டேவி கம்பிவலை சுற்றிய விளக்கைக் கண்டுபிடித்தார். காப்புரிமைகூடக் கேட்கவில்லை. விபத்து குறைந்ததா? இல்லை. ‘அதுதான் விளக்கு இருக்கிறதே’ என்று, அதுவரை வாயு மிகுதியால் மூடிக்கிடந்த சுரங்கப் பகுதிகளையும் திறந்து ஆட்களை இறக்கினார்கள் உரிமையாளர்கள். வலைக்குள் இருந்த விளக்கு மங்கலாக எரிந்ததால் அதைத் திறந்து வைத்து வேலை பார்த்தவர்களும், அதில் புகைக்குழாய் பற்றவைத்தவர்களும் உண்டு. கடைசியில் விளக்குக்குப் பூட்டுப் போட வேண்டியதாயிற்று.

★ மகனை வைத்து ஒரு பாடம்

சுரங்க வாயுக்களை ஆராய்ந்த ஜான் ஸ்காட் ஹால்டேன், நச்சுவாயுக்களைத் தாமே சுவாசித்துப் பார்ப்பவர். சுரங்கத்துக்குக் கானரிக் குருவி கொண்டுபோகும் யோசனையும் அவருடையதே. ஒருமுறை சிறுவனான மகனைச் சுரங்கத்துக்குள் கூட்டிப்போய், நிமிர்ந்து நின்று ஷேக்ஸ்பியர் நாடக வசனம் ஒன்றை ஒப்பிக்கச் சொன்னார். பாதியிலேயே பையன் சுருண்டு விழுந்தான். தரையில் விழுந்ததும் மூச்சு வந்தது. மீத்தேன் மேலேதான் தங்கும் என்பது பாடம்! அந்தப் பையன்தான் உயிரியல் மேதை ஜே.பி.எஸ். ஹால்டேன். 1957இல் இந்தியாவுக்கு வந்து குடியேறி, இந்தியக் குடிமகனாகி, 1964இல் புவனேஸ்வரில் காலமானார். அவரும் அப்பாவைப் போலவே தம் உடம்பில் சோதனை செய்து செவிப்பறையைக் கிழித்துக்கொண்டவர்.

★ ராக்கெட் பக்கத்தில் நாற்காலி

1960 அக்டோபர் 24, சோவியத்தின் பைக்கனூர் ஏவுதளம். ஆர்-16 ஏவுகணையில் எரிபொருள் நிரப்பியாயிற்று, கோளாறும் வந்தாயிற்று. எரிபொருளை இறக்கிவிட்டுத்தான் பழுது பார்க்க வேண்டும். ஆனால் நவம்பர் 7 புரட்சி நாளுக்குள் ஏவிக் காட்ட வேண்டுமே! பொறுப்பிலிருந்த மார்ஷல் நெடெலின், ஏவுகணைக்குச் சில மீட்டர் தூரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். மார்ஷலே உட்கார்ந்திருக்கும்போது யார் விலகிப்போவது? இரண்டாம் அடுக்கு எந்திரம் தானாகப் பற்றிக்கொண்டது. மார்ஷலோடு 70க்கும் மேற்பட்டோர் சாம்பலானார்கள். வடிவமைப்பாளர் யாங்கெல் பிழைத்தார். காரணம், சிகரெட் பிடிக்கப் பாதுகாப்பு அறைக்குள் போயிருந்தார். மார்ஷல் விமான விபத்தில் இறந்ததாக அரசு அறிவித்தது. உண்மை வெளிவர 1989 ஆயிற்று. மூன்று ஆண்டுகள் கழித்து அதே அக்டோபர் 24இல் அங்கே இன்னொரு தீ விபத்து. அந்தத் தேதியில் பைக்கனூரில் எதையும் ஏவுவதில்லை என்பது இன்றுவரை வழக்கம்.

★ பந்தயம் கட்டிய விமானி

ஜன்னல் திரையை மூடிக்கொண்டு, கருவிகளை மட்டும் பார்த்து விமானத்தை இறக்குவேன் என்று சக விமானியிடம் பந்தயம் கட்டினார் ஒரு சோவியத் விமானி. 1986 அக்டோபர் 20, குய்பிஷெவ் நகரம். விமானத்தில் 94 பேர். இறந்தவர்கள் 70 பேர். பந்தயம் கட்டியவர் பிழைத்தார்; சிறைக்குப் போனார்.

★ திறந்த கதவோடு கிளம்பிய கப்பல்

கார், லாரிகளை ஏற்றிச் செல்லும் ‘ஹெரால்டு ஆஃப் ஃப்ரீ என்டர்பிரைஸ்’ 1987 மார்ச் 6 அன்று பெல்ஜியத்தின் ஸீப்ரூக் துறைமுகத்திலிருந்து கிளம்பியது. முன்பக்கக் கதவை மூட வேண்டிய ஊழியர் அறையில் தூங்கிக்கொண்டிருந்தார். திறந்திருந்ததைப் பார்த்த இன்னொருவர், ‘அது என் வேலை இல்லை’ என்று போய்விட்டார். கேப்டன் நிற்கும் இடத்திலிருந்து அந்தக் கதவே தெரியாது. சில நிமிடங்களில் கப்பல் கவிழ்ந்து 193 பேர் இறந்தார்கள். கதவு மூடியதைக் காட்ட ஒரு சின்ன விளக்கு வேண்டும் என்று கேப்டன்கள் முன்பே கேட்டிருந்தார்கள். நிர்வாகம் அதைக் கிண்டலாகத் தள்ளிவிட்டிருந்தது.

★ பஞ்சும் வெடிகுண்டும் ஒரே கப்பலில்

ஏப்ரல் 14 முதல் 20 வரை இந்தியாவில் தீயணைப்புச் சேவை வாரம் கொண்டாடுவது ஏன்? 1944 ஏப்ரல் 14, பம்பாய் விக்டோரியா துறை. ‘ஃபோர்ட் ஸ்டிகின்’ கப்பலில் சுமார் 1,400 டன் வெடிபொருள். அதே கப்பலில் பஞ்சுப் பொதி, எண்ணெய், மரம், தங்கக் கட்டிகள். போர்க்காலத்தில் கப்பலுக்குப் பஞ்சம், கிடைத்த இடத்தில் திணித்தார்கள். ஆபத்தான சரக்கு இருப்பதைக் காட்டும் சிவப்புக் கொடியும் ஏற்றவில்லை. மதியம் பஞ்சில் புகை வந்தது; மாலை நாலு மணிக்குமேல் கப்பல் வெடித்தது. கடைசிவரை தண்ணீர் பீய்ச்சிக்கொண்டிருந்த தீயணைப்பு வீரர்களில் 66 பேர் மாண்டார்கள். அவர்கள் நினைவாகத்தான் அந்த வாரம். தங்கக் கட்டிகள் 1970களில்கூடத் தூர்வாரும்போது அகப்பட்டன.

★ காவலுக்கு மூன்று, வேலைக்கு ஒன்றுமில்லை

போபால் ஆலையில் மீதைல் ஐசோசயனேட் (எம்.ஐ.சி.) என்ற நச்சுத் திரவத்தை எப்போதும் குளிரூட்டி வைக்க வேண்டும். குளிரூட்டும் எந்திரம் 1984 ஜூன் முதலே நிறுத்திவைக்கப்பட்டிருந்தது. கசியும் வாயுவை நடுநிலையாக்கும் கோபுரம், வாயு கசிந்த டிசம்பர் 2 இரவில் தயார் நிலையில் இல்லை. எரித்து அழிக்கும் கோபுரத்தின் குழாய் பழுதுக்காகக் கழற்றப்பட்டிருந்தது. ஒன்று தவறினால் இன்னொன்று காக்கும் என்று கட்டிய மூன்றும் ஒரே இரவில் இல்லாமல் போனது தற்செயல் அல்ல. மூன்றையும் கைவிட்டவர்கள் அன்றிரவு அந்த நகரத்தில் தூங்கியவர்கள் அல்ல.

★ சொன்னபடி கேட்காதவர்கள் பிழைத்தார்கள்

வட கடலின் பைப்பர் ஆல்ஃபா எண்ணெய் மேடை, 1988 ஜூலை 6. பழுதுக்காகப் பாதுகாப்பு வால்வு கழற்றப்பட்ட பம்பை, அந்தத் தகவல் தெரியாமலே அடுத்த ஷிஃப்ட் ஓட்டியது. தீ. முத்துக்குளிப்பவர்போலக் கடலுக்கடியில் இறங்கும் ஊழியர்களை உறிஞ்சிவிடக் கூடாதென்று, தானாக இயங்க வேண்டிய தீயணைப்பு பம்புகள் கையால் இயக்கும் நிலைக்கு மாற்றப்பட்டிருந்தன. பக்கத்து மேடைகளோ, இது எரிவதைப் பார்த்துக்கொண்டே எண்ணெய் அனுப்பின. நிறுத்த மேலிட அனுமதி வேண்டுமாம். சொன்னபடி தங்குமிடத்தில் காத்திருந்தவர்கள் புகையில் மடிந்தார்கள். கடலில் குதித்தவர்களில் பலர் பிழைத்தார்கள். மொத்தம் 167 சாவு.

★ பாராட்டு வந்த நாளில்

2010 ஏப்ரல் 20 அன்று மெக்சிகோ வளைகுடாவில் வெடித்து 11 பேரைக் கொன்ற ‘டீப்வாட்டர் ஹொரைசன்’ துரப்பண மேடைக்கு அன்றைக்கு விருந்தினராக வந்திருந்தவர்கள் நிறுவன அதிகாரிகள். ஏழு ஆண்டுகளாக ஊழியர் யாரும் காயத்தால் விடுப்பு எடுக்கவில்லை என்று பாராட்டத்தான் வந்தார்கள். கிணற்றில் ஏதோ தவறு என்று அழுத்தச் சோதனை காட்டியதை அதே நாளில் வேறு விதமாக விளக்கிச் சமாதானம் செய்துகொண்டிருந்தார்கள்.

★ நல்ல படம் வேண்டும்

1991 ஜூன் 3, ஜப்பானின் உன்சென் எரிமலை. மக்களை வெளியேற்றிய பகுதிக்குள் பத்திரிகையாளர்கள் நல்ல கோணம் தேடிப் போனார்கள். காலி வீடுகளில் சிலர் நுழைந்து மின்சாரத்தைப் பயன்படுத்தினார்கள். வீடுகளைக் காக்கத் தீயணைப்புத் தொண்டர்கள் திரும்பி வந்தார்கள். கொதிக்கும் சாம்பல் மேகம் இறங்கியபோது இறந்த 43 பேரில் அவர்களும் உண்டு. பத்திரிகையாளர்களை இறக்கிவிட்டுக் காத்திருந்த டாக்சி ஓட்டுநர்களும் உண்டு. எரிமலைகளைப் படம்பிடித்தே புகழ்பெற்ற க்ராஃப்ட் தம்பதியும் அன்று இறந்தார்கள்.

★ கையுறை எப்போது எமன்?

சுற்றும் டிரில்லிங் மெஷின், லேத் முன்னால் நிற்கும்போது. துணியின் ஒரு நூலைப் பிடித்தால் போதும், கையையே உள்ளே இழுத்துவிடும். முழுக்கைச் சட்டை, துண்டு, கழுத்துச் சங்கிலிக்கும் இதே கதைதான்.

★ காப்பாற்றப் போனவர்

கிணறு, சாக்கடை, கழிவுநீர்த் தொட்டி போன்ற மூடிய இடங்களில் இறந்தவர்களில் 60 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் முதலில் விழுந்தவர்கள் அல்லர், காப்பாற்ற இறங்கியவர்கள் என்று அமெரிக்காவின் தொழில்சார் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் 1986இல் சொன்னது. நம்மூர்ச் செய்திகளில் அண்ணன், தம்பி, பக்கத்து வீட்டுக்காரர் என்று வரிசையாகப் போவதும் இதனால்தான். ஹைட்ரஜன் சல்ஃபைடு அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். அளவு கூடினால் மூக்கே மரத்துப்போய் நாற்றம் தெரியாது. ‘வாசனை போயிடுச்சு, இறங்கலாம்’ என்று நினைக்கும் கணம்தான் கெட்ட கணம். அரிக்கேன் விளக்கை இறக்கிப் பார்ப்பதும் போதாது. அது நச்சுவாயுவைக் காட்டாது, மீத்தேன் இருந்தால் பற்றவும் வைக்கும். பாதுகாப்புக் கருவி இல்லாமல் சாக்கடையில் ஆளை இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. சாக்கடையில் இறந்தால் இழப்பீடு 30 லட்சம் ரூபாய் என்று உச்ச நீதிமன்றம் 2023இல் உயர்த்தியது.

★ வேடிக்கை பார்க்க ஓடாதீர்கள்

2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசிக்கு அருகே முதலிப்பட்டிப் பட்டாசு ஆலை வெடித்ததில் இறந்தவர்களில் பலர், புகையைப் பார்த்து உதவவும் பார்க்கவும் ஓடிய வெளியாட்கள். பட்டாசுத் தீயில் முதல் வெடி முடிவு அல்ல. அடுத்தடுத்த அறைகள் பாக்கி இருக்கும்.

★ மச்சான் பிடித்த கயிறு

எல்லாமே அசட்டுத்தனம் அல்ல. நீலகிரிப் பக்கத்து மலைவாழ் மக்களிடையே, செங்குத்துப் பாறையில் தொங்கித் தேன் எடுப்பவருக்கு மேலே கயிறு பிடிப்பது மனைவியின் சகோதரன் என்ற வழக்கம் உண்டு. கூடப்பிறந்தவனுக்குச் சொத்தில் பங்கு. மச்சானுக்கோ தன் அக்கா தங்கை தாலி. ‘மலையேறப் போனாலும் மச்சான் தயவு வேணும்’ என்ற பழமொழி சும்மா வரவில்லை.

★ பாதிவழி நரகச் சங்கம்

பாலம் கட்டும்போது பத்து லட்சம் டாலர் செலவுக்கு ஓர் உயிர் போகும் என்பது 1930களின் அமெரிக்கக் கணக்கு. சான் ஃபிரான்சிஸ்கோவின் கோல்டன் கேட் பாலத்துக்குச் செலவு மூன்றரைக் கோடி டாலர். தலைமைப் பொறியாளர் ஜோசஃப் ஸ்ட்ராஸ் தலைக்கவசத்தைக் கட்டாயமாக்கினார். உயரத்தில் சாகசம் காட்டினால் வேலை போகும் என்றார். முதல்நாள் குடித்துவிட்டு வந்தவர்களுக்குப் புளித்த முட்டைக்கோஸ் சாறு கொடுத்தார். பாலத்தின் கீழே 1,30,000 டாலருக்கு வலை கட்டினார். வலையில் விழுந்து பிழைத்த 19 பேர் தங்களைப் ‘பாதிவழி நரகச் சங்கம்’ என்று அழைத்துக்கொண்டார்கள். 1937 பிப்ரவரியில் ஒரு சாரம் அறுந்து வலையையும் கிழித்துக்கொண்டு விழுந்ததில் 10 பேர் இறந்தார்கள். மொத்தச் சாவு 11. கணக்குப்படி 35.

★ விரலுக்கு விலை

பவர் பிரஸ் எந்திரத்தில் இரண்டு பொத்தான்கள் இருப்பது, இரண்டு கையும் வெளியே இருந்தால்தான் அச்சு இறங்க வேண்டும் என்பதற்காக. ஒன்றை டேப் ஒட்டி அழுத்தியபடியே வைத்துவிட்டால் ஒரு கை மிச்சம், வேகம் கூடும். ஹரியானாவின் வாகன உதிரிபாக ஆலைகளில் விரல் இழந்தவர்களைப் பற்றி ‘சேஃப் இன் இந்தியா’ அமைப்பு 2019 முதல் அறிக்கைகள் வெளியிடுகிறது. பெரும்பாலான விபத்துகள் பவர் பிரஸ்ஸில். பல எந்திரங்களில் கை உள்ளே இருப்பதை அறியும் சென்சாரே இல்லை. விபத்து நடந்த பிறகுதான் இ.எஸ்.ஐ. அட்டை போட்டுக்கொடுத்த முதலாளிகளும் அந்த அறிக்கைகளில் வருகிறார்கள்.

★ ‘முடியாது’ என்று சொல்ல

போபாலுக்குப் பிறகு 1987இல், அன்றைய நம் தொழிற்சாலைச் சட்டத்தில் ஒரு பிரிவு சேர்த்தார்கள். ஆபத்தான ஆலையில் உயிருக்கு உடனடி அபாயம் என்று தோன்றினால் நிர்வாகத்துக்கும் ஆய்வாளருக்கும் சொல்ல தொழிலாளிக்கு உரிமை. உடனே சரிசெய்வது முதலாளியின் கடமை. உலகத் தொழிலாளர் நிறுவனத்தின் 1981 உடன்படிக்கை இன்னும் ஒரு படி மேலே: உயிருக்கு ஆபத்து என்று நியாயமாக நம்பி வேலையை விட்டு விலகியவரைத் தண்டிக்கக் கூடாது என்கிறது. அப்படி விலகுகிறவருக்குப் ‘பயந்தாங்கொள்ளி’ என்று பட்டப்பெயர் வைப்பதைத் தடுக்க மட்டும் எந்தச் சட்டத்திலும் பிரிவு இல்லை.